ராத்திரி புல் காயணும்

சின்னு,

நீ அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். நாலு வட்டம், ஒவ்வொண்ணும் டிபன் தட்டு அளவுக்கு, நடுவுல வைக்கோல் நிறம், ஓரத்துல பழுப்பு. போட்டோவைவிட நீ கீழே எழுதியிருந்ததுதான் எனக்குப் பக்குனு ஆச்சு: "வெயில்ல வாடுதேன்னு சாயங்காலமும் ஒரு தடவை தண்ணி விடறேன் அக்கா." மொதல்ல போய் அந்தக் குழாயை மூடிட்டு வா. அப்புறம் மிச்சத்தைப் படி.

உன்னைத் திட்டறேன்னு நினைக்காதே, இதையே நானும் பண்ணினவதான். நங்கநல்லூர் வீட்டுல கொரியன் கிராஸ் போட்ட புதுசுல, ஐப்பசி மழை விட்ட ரெண்டாவது வாரம், இதே மாதிரி ஒரு வட்டம் வந்துச்சு. புல் வாங்கின நர்சரியில கேட்டேன். "சத்து பத்தலைம்மா, யூரியா போடுங்க"ன்னாங்க. ரெண்டு கை அள்ளி வீசி, சாயங்காலம் நல்லா நனைச்சும் விட்டேன். மூணாம் நாள் காலையில ஒரு வட்டம் ஏழாகியிருந்துச்சு. அடுத்த வாரம் ஏழும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பாதி லான் போயிடுச்சு. உங்க அத்தான் வாசல்ல நின்னு, "வைக்கோல் விரிச்சிருக்கியா?"ன்னு கேட்டார். அன்னிக்குத்தான் நம்ம சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

வயல்ல நிக்கிற மனுஷர், லானைப் பார்த்ததே இல்லை. ஆனா நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "நெல்லுல வர்ற இலையுறைக் கருகல் மாதிரி இருக்கே, யூரியாவா போட்டே?"ன்னார். பிறகு படிச்சுப் பார்த்தா அவர் சொன்னது அச்சு அசலா சரி. புல்லும் நெல்லும் ஒரே குடும்பம். லான்ல இந்த வட்டத்தைப் போடற ரைசோக்டோனியாங்கிற பூஞ்சைதான் வயல்ல இலையுறைக் கருகலையும் கொண்டுவருது. இலையில சாம்பல் நிறப் புள்ளி போடற இன்னொரு நோய் இருக்கு, அது நெல்லுல வர்ற குலைநோய்க் கிருமிக்குப் பங்காளி. யூரியா அதிகமானா குலைநோய் வரும்னு டெல்டாவுல எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். நாம மட்டும் லானை ஏதோ வெளிநாட்டு விருந்தாளின்னு நினைச்சு நர்சரியைக் கேட்டுக்கிட்டு நிக்கறோம்.

இந்தப் பூஞ்சை உன் மண்ணுல எப்பவும் இருக்கும். அதை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அது எழுந்து நடமாட சூடும் ஈரமும் சேர்ந்து கிடைக்கணும், அதுவும் விட்டு விட்டு இல்லை, தொடர்ந்து பத்து மணி நேரம் போல. கேளம்பாக்கத்துல சூட்டுக்குக் குறைச்சலே இல்லை. ராத்திரியும் 20 டிகிரிக்குக் கீழ இறங்கறது அபூர்வம், பக்கத்துலயே உப்பங்கழி வேற. அப்போ நம்ம கையில இருக்கிறது அந்த ஈரம் ஒண்ணுதான். நீயே கணக்குப் போட்டுப் பாரு. ஆறு மணிக்குத் தண்ணி விடறே. இருட்டின பிறகு புல் காயாது. நடுராத்திரிக்கு மேல பனி இறங்கும். வெயில் வந்து காய காலையில எட்டு மணி. மொத்தம் பதினாலு மணி நேரம் இலை நனைஞ்சே கிடக்கு. அதே தண்ணியைக் காலையில அஞ்சரைக்கு விட்டா, ஏற்கெனவே பனியில நனைஞ்ச புல் மேலதான் விழுது. எட்டரைக்குக் காய்ஞ்சிடும்.

உனக்கு அஞ்சரைக்கு எழுந்திருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். சொட்டு நீருக்கு விக்கிற டைமர் ஒண்ணு வாங்கிக் குழாய்ல மாட்டிடு.

<b>ஆறு மணிக்கு ஒரு தடவை குனி</b>

மருந்துக் கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி இது ஃபங்கஸ்தானான்னு பார்த்துடு. பழுப்பா இருக்கிறதெல்லாம் நோய் இல்லை. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, வட்டத்தோட ஓரத்துல முட்டி போட்டு உட்காரு. நடுவுல இருக்கிறது செத்துப்போனது, அது உனக்கு ஒண்ணும் சொல்லாது. பச்சையும் பழுப்பும் சேர்ற ஓரத்தைத்தான் பார்க்கணும். அங்க புல்லு இடுக்குல பஞ்சைப் பிரிச்சுப் போட்ட மாதிரி வெள்ளையா நூல் ஓடினா அது பூஞ்சை. சிலந்தி வலையும் பனியில இப்படித்தான் மினுங்கும், ஆனா அது புல்லுக்கு மேல தட்டையா இழுத்துக் கட்டினாப்புல இருக்கும். பூஞ்சை நூல் உள்ளே, அடித்தண்டுகிட்ட இருக்கும். எட்டு மணிக்குப் போனா ரெண்டும் தெரியாது.

அப்புறம் ஓரத்துல இருக்கிற ஒரு இலையைப் பிடிச்சு லேசா இழு. ரைசோக்டோனியான்னா பலமே இல்லாம உருவிக்கிட்டு வரும். வந்த நுனியைப் பாரு, பழுப்பா, கொழகொழன்னு அழுகியிருக்கும். வேர் மட்டும் மண்ணுல நல்லாவே இருக்கும். இது நல்ல சேதி, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இலைக்குப் பதிலா புல்லே பாயைச் சுருட்டற மாதிரி மொத்தமா உரிஞ்சு வந்தா அது ஃபங்கஸ் இல்லை. கீழே வேர்ப்புழு இருக்கும், வெள்ளையா, 'சி' எழுத்து மாதிரி வளைஞ்சு. நடுவுல கருகி, சுத்தி மட்டும் கரும்பச்சை வளையம் இருந்தா நாய் மூத்திரம். உங்க தெருவுல சந்தேகப்பட ஆள் நிறைய உண்டு. கோடு கோடா காய்ஞ்சா உரம் சமமா விழலை. நீ நடந்துபோன கால் தடம் அரை மணி நேரம் கழிச்சும் அப்படியே அமுங்கிக் கிடந்தா, அது மட்டும்தான் நிஜமாவே தண்ணித் தாகம். ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு லான்ல விடறவங்களும் இருக்காங்க. அதுல உப்பு ஜாஸ்தி, நுனி நுனியா கருகும்.

இன்னொண்ணையும் பார்த்து வை. ஒரே ராத்திரியில எண்ணெய் கொட்டின மாதிரி கறுத்து, தண்ணி ஓடற வழியிலேயே நீளமா பட்டை பட்டையா அழுகினா அது வேற ஆளு, பேரு பித்தியம். அதுக்கு மருந்தே வேற. கீழே சொல்றேன், அதைக் குழப்பிக்காதே.

<b>ஏ.சி. பைப்பைப் பார்த்தியா?</b>

உன் போட்டோவுல ரெண்டு வட்டம் சுவர் ஓரமா இருக்கு. மேலே படுக்கையறை ஏ.சி.யோட பைப் தொங்குது. என் வீட்டுலயும் முதல் வட்டம் அங்கதான் வந்துச்சு, கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. ராத்திரி பூரா அந்தப் பைப் சொட்டுச் சொட்டா ஒரே இடத்தை நனைக்குது. நீ குழாயை மூடினாலும் அது மூடாது. பத்தடி டியூப் வாங்கிப் பைப்போட சேர்த்து, வாழைக்கோ செம்பருத்திக்கோ திருப்பி விட்டுடு. அதே மாதிரி மாடியிலேர்ந்து மழைத்தண்ணி இறங்கற குழாய் லானுக்குள்ள வாயைத் திறந்திருக்கான்னும் பாரு.

தண்ணி எவ்வளவுன்னு கேப்பே. தினமும் தெளிக்கிறதை நிறுத்து. தினம் தெளிச்சா மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே நின்னுடும், இலை மட்டும் எப்பவும் ஈரமா இருக்கும். வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். கோடையில கொஞ்சம் கூட. உன் லான் 20 அடிக்கு 15 அடின்னு சொன்னே, அப்போ ஏறக்குறைய 700 லிட்டர். உன்னுது மணல் மண்ணு, ஒரேயடியா விட்டா கீழே இறங்கிடும், ரெண்டு தடவையா பிரிச்சுக்கோ. அளக்க மீட்டரெல்லாம் வேண்டாம். உயரமா நேரா இருக்கிற நாலஞ்சு பழைய டப்பாவை லான்ல அங்கங்க வைச்சு ஸ்பிரிங்க்ளரை ஓட விடு. ஸ்கேலை விட்டுப் பார்த்தா எத்தனை நிமிஷத்துல எவ்வளவு விழுதுன்னு தெரிஞ்சிடும். எங்க வீட்டுல ஒரு மூலைக்கு இன்னொரு மூலையைவிட ரெட்டிப்பா விழுந்துக்கிட்டிருந்துச்சு. நோய் எந்த மூலையில வந்திருக்கும்னு நீயே சொல்லு.

மழைக்காலத்துல, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், டைமரைக் கழட்டி உள்ளே வைச்சுடு. மழை பெய்யும்போது ஸ்பிரிங்க்ளர் ஓடற வீடுகளை நான் கண்ணால பார்த்திருக்கேன். மழை ஓய்ஞ்ச பிறகும் அசந்துடாதே. மார்கழிப் பனி கோலத்துக்கு நல்லது, லானுக்கு இல்லை. கோல்ஃப் மைதானங்கள்ல விடியற்காலையில நீளமான கம்பை வைச்சுப் புல்லைத் தடவிப் பனியைத் தட்டி விடுவாங்க. நமக்குத் தென்னந்துடைப்பம் போதும். வாசல் தெளிக்க வெளியே வரும்போது லான் மேலேயும் ரெண்டு இழுப்பு. சொட்டு உடைஞ்சு உதிர்ந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே காய்ஞ்சிடும். செலவில்லாத வைத்தியங்கள்ல இதுதான் எனக்குப் பிடிச்சது.

<b>வெட்டற மெஷின்</b>

உங்க தெருவுல ஒரே தோட்டக்காரர்தான் அஞ்சாறு வீட்டுக்கும் வர்றார், இல்லையா? அவர் மெஷின்ல அஞ்சாறு வீட்டு நோயும் வரும். கோபப்படாம, "அண்ணே, மொதல்ல பிளேடையும் சக்கரத்தையும் கழுவிடலாம்"னு ஒரு வாளித் தண்ணியைக் கையில கொடு, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால துடைக்கச் சொல்லு. ஈரப் புல்லை வெட்ட விடாதே. பத்து மணிக்கு மேல வரச் சொல்லு. வட்டம் இருக்கிற இடத்தைக் கடைசியா வெட்டட்டும். வெட்டினதை அங்கேயே விடாம வாரி எடுத்துடணும், நோய் இல்லாத நாள்ல விட்டாலும் பரவாயில்லை.

ஒரே வெட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாது. "ஒட்ட வெட்டிடும்மா, ரெண்டு வாரம் வர வேண்டாம்"னு சொல்வாங்க, அது அவங்க சௌகரியம். பிளேடு மழுங்கியிருக்கான்னு தெரிஞ்சுக்க வெட்டின மறுநாள் ஒரு நுனியைப் பாரு. கூரா வெட்டின நுனி நேரா இருக்கும். மழுங்கின பிளேடு கிழிக்கும், நுனி நார் நாரா வெளுத்து நிக்கும். அந்தக் காயம் வழியாத்தான் பூஞ்சை உள்ளே போகும்.

புல்லுக்கு அடியில விரலை விட்டுத் துழாவிப் பாரு. பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவுல பழுப்பா ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு அடுக்கு, காய்ஞ்ச சக்கை, இருக்கும். அரை அங்குலம் வரைக்கும் இருக்கலாம். அதுக்கு மேல போனா தண்ணியைப் பிடிச்சு வைச்சுக்கும், பூஞ்சைக்கு அதுதான் மெத்தை. நல்ல பல் உள்ள ரேக்கால சீவி எடுத்துடு, ஆனா இப்போ இல்லை, நோய் அடங்கி புல் நல்லா வளர்ற மாசத்துல. அதே சமயம் கவைமுள்ளால அரை அடிக்கு ஒரு குத்து, நாலு விரல் ஆழம், குத்திட்டு மேலே ஆத்து மணலைச் சலிச்சுத் தூவி விடு. கடல் மணல் வேண்டாம், உப்பு.

மாமரத்து நிழல்ல இருக்கிற மூலையைப் பத்தி மட்டும் உன்கிட்ட நேராவே சொல்லிடறேன்: அங்க கொரியன் கிராஸ் வராது. அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் இல்லைன்னா அது நோஞ்சானாத்தான் கிடக்கும், பாசியும் பிடிக்கும். கீழ்க் கிளையை ரெண்டு எடுத்துப் பாரு. இல்லைன்னா அகல இலை பஃபலோ புல், நிழலைக் கொஞ்சம் தாங்கும். அதுவும் இல்லைன்னா கூழாங்கல்லைப் பரப்பி ஒரு பெஞ்சைப் போடு. மாமர நிழலும் வேணும், அதுக்கு அடியில லானும் வேணும்னா முடியாது.

<b>யூரியா</b>

வட்டம் இருக்கும்போதும், மழைக்காலத்துலயும் யூரியா பக்கமே போகாதே. அது போட்டதும் புல் தளதளன்னு வரும், ஆனா அந்தத் தளதளப்பு மெல்லிய தோல்தான். மத்த மாசத்துல உன் லானுக்கு ஒரு தடவைக்கு 150 கிராம் போதும். மணலோட கலந்து, காய்ஞ்ச புல்லு மேல தூவி, உடனே தண்ணி. அதுக்குப் பதிலா மண்புழு உரம் சலிச்சுப் போட்டா இன்னும் நிம்மதி.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு. லான்ல நடந்துட்டு வந்தா செருப்புல ஆரஞ்சுப் பொடி ஒட்டினா அது துருநோய், அதுவும் பூஞ்சைதான். ஆனா அது பட்டினி கிடக்கிற புல்லைத்தான் பிடிக்கும். அதுக்குக் கொஞ்சம் யூரியாதான் மருந்தே. அதனாலதான் மொதல்ல குனிஞ்சு பாருன்னு சொன்னேன்.

<b>மருந்து, கடைசியா</b>

தண்ணியை மாத்தி ஒரு வாரம் ஆகியும் வட்டம் பெரிசாயிக்கிட்டே போனா மட்டும் மருந்து. ஓரத்துல நாலு ஐஸ் குச்சியை நட்டு வை. தாண்டிப் போகுதா இல்லையான்னு உன் கண்ணை நம்பாம குச்சியை நம்பலாம்.

உரக்கடையில கேட்டா பெரும்பாலும் சாஃப் கொடுப்பாங்க. கார்பெண்டசிம், மான்கோசெப் ரெண்டும் கலந்தது. லிட்டருக்கு 2 கிராம். கார்பெண்டசிம் இலைக்குள்ள போகும், மான்கோசெப் மேலே பூச்சா நிக்கும், மழை வந்தா கழுவிக்கிட்டுப் போயிடும். மொதல்ல கொஞ்சம் தண்ணியில குழைச்சுக்கிட்டுப் பிறகு கரைச்சா கட்டி தட்டாது. வட்டமும் அதைச் சுத்தி ரெண்டடியும் நனையற மாதிரி, காத்து இல்லாத காலையில, பனி காய்ஞ்ச பிறகு அடி. அன்னிக்கு முழுக்கத் தண்ணி விடாதே, ரெண்டு நாள் வெட்டாதே. ரெண்டு வாரத்துல இன்னொரு தடவை வேணும்னா அதே மருந்தை அடிக்காம புரோப்பிகோனசோலுக்கு மாறு, லிட்டருக்கு 1 மில்லி. ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பி அடிச்சா பூஞ்சை பழகிக்கும்.

அந்தக் கறுப்புப் பட்டை பித்தியத்துக்குக் கார்பெண்டசிம் வேலையே செய்யாது. அது உண்மையில பூஞ்சை இனமே இல்லை, பாசிக்குச் சொந்தம். அதுக்கு மெட்டலாக்சில் சேர்ந்த மருந்து, ரிடோமில்னு கேளு, லிட்டருக்கு 2 கிராம். அதோட தண்ணி தேங்கற பள்ளத்தையும் மேடாக்கணும், இல்லைன்னா மருந்துக்குக் கொடுத்த காசு அந்தப் பள்ளத்துலதான்.

பாக்கெட்டுல நெல், மிளகாய், நிலக்கடலைன்னுதான் போட்டிருக்கும், லான்னு இருக்காது. விஷ அளவைக் காட்ட சாய்சதுரம் ஒண்ணு இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு இறங்கிக்கிட்டே வரும். சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள்ள வர வேண்டாம். கையுறை, மாஸ்க், முழுக்கை சட்டை. சமையலறை ஸ்பூனால அளக்காதே, தனியா ஒண்ணு வைச்சுக்கோ. குழந்தையும் நாயும் ரெண்டு நாள் லான்ல இறங்க வேண்டாம். வெட்டின புல்லை எதிர்வீட்டுப் பசுவுக்குப் போடாதே. இன்னொண்ணு, உன் லான் ஓரத்துல அருகம்புல் நிறைய இருக்குன்னு மாமியார் பிள்ளையாருக்கும் பறிப்பாங்க, ஜூஸுக்கும் பறிப்பாங்க. மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நீயே வாயால சொல்லிடு, போர்டு வைச்சா படிக்க மாட்டாங்க.

ஸ்பிரேயர் புதுசா ஒண்ணு வாங்கு. களைக்கொல்லி அடிச்ச ஸ்பிரேயரைக் கழுவிட்டேன்னு நினைச்சு அதுலேயே மருந்து கலந்தவர் ஒருத்தர் எங்க வீட்டுல இருக்கார். பேரு வேண்டாம், உனக்கு அத்தான் முறை. மீதி லானையும் அப்படித்தான் பறிகொடுத்தோம்.

ரசாயனமே வேண்டாம்னா, நோய் வர்றதுக்கு முன்னாடி டிரைக்கோடெர்மா விரிடி போடலாம். இது பூஞ்சையைத் தின்னற நல்ல பூஞ்சை. ஒரு கிலோவை 100 கிலோ மக்கின தொழு உரத்துல கலந்து, நிழல்ல லேசா ஈரத்தோட ரெண்டு வாரம் மூடி வைச்சு, ஆடி ஆவணியில தூவு. உனக்கு அதுல கால் பங்கே தாராளம். இதுக்கும் கார்பெண்டசிமுக்கும் ஆகாது, ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு நாளாவது விடு. இதே மாதிரி போடற சூடோமோனாஸ் பாக்டீரியாங்கிறதால அதுக்குக் கார்பெண்டசிமோட அந்தச் சண்டை இல்லை. ஆனா வந்துட்ட வட்டத்தை இதெல்லாம் சட்டுனு நிறுத்தும்னு எதிர்பார்க்காதே. புளிச்ச மோர் தெளிக்கிறவங்க இருக்காங்க, கெடுதல் இல்லை. சமையல் சோடா வேண்டாம், மண்ணுல உப்பு சேரும். பிளீச்சிங் பவுடர் போட்டா பூஞ்சையும் போகும், புல்லும் போகும்.

மழைக்கு அப்புறம் குடைக் காளான் நாலு நின்னா பயந்துடாதே. அடியில கட்டடக்காரங்க புதைச்சுட்டுப் போன பலகையோ வேரோ மக்குதுன்னு அர்த்தம். குழந்தை வாயில வைக்காம பறிச்சுப் போட்டா போதும். இலை மேல சாம்பல் பூசின மாதிரி பொடி படிஞ்சா குழாயால பீச்சினா போயிடும், அது புல்லைத் தின்னாது.

இப்போ அந்த நல்ல சேதி. வேர் உயிரோட இருந்தா வட்டத்தைத் தோண்டாதே. மூணு நாலு வாரத்துல நடுவுலேர்ந்து தானே பச்சை எட்டிப் பார்க்கும். நான் அவசரப்பட்டுத் தோண்டிப் புதுப் புல் பாய் வாங்கிப் போட்டேன். டெம்போவுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, உள்ளே வெந்து, மஞ்சளாகி, பூசண வாடையோட வந்துச்சு. காசு கொடுத்து நோயை வாங்கின மாதிரி ஆச்சு. அப்படி வாங்கியே ஆகணும்னா நடுப் பாயை உருவி, திருப்பி, மோந்து பார்த்துட்டு வாங்கு. இல்லைன்னா என் லான்லேர்ந்து உள்ளங்கை அளவுக்கு நாலு துண்டு வெட்டித் தர்றேன், அது உன் வீட்டுலயும் பிடிச்சுக்கும்.

சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வர்றேன், பனி காயறதுக்குள்ள அந்த ஓரத்தை நானும் பார்க்கணும். அதுக்குள்ள ஏ.சி. பைப்பைத் திருப்பி வைச்சுடு. காபி போட்டு வை, சர்க்கரை கம்மியா.

அக்கா